கைமாறும் கட்டடமும் கடைக்காரரும்

திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய வெல்லமண்டி, மரக்கடை, பெரிய கடைவீதிப் பகுதிகளில் ஒரு கட்டடம் விலைபோயிற்று என்றால், வாங்கியவர் யார் என்பதற்கு முன்பே எழும் கேள்வி, ‘கடைக்காரர் கதி என்ன?’ என்பதுதான். இக்கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று, மிகப் பழையதும்கூட.

உரோமைச் சட்டம் இதற்குக் கடுமையாகவே விடை பகர்ந்தது. விற்றவர் செய்த வாடகை உடன்பாடு வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. வெளியேற்றப்பட்டவர் விற்றவரிடம் இழப்பீடு கேட்கலாம். வீட்டில் நீடிக்க இயலாது. 1804-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பும் 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியத் தொகுப்பும் இந்நெறியைக் கைவிட்டன. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார் என்று வகுத்தது. விற்பனையை அறியாமல் பழையவரிடமே வாடகை செலுத்தியவர் மீண்டும் செலுத்த வேண்டுவதில்லை என்றும் அது கூறுகிறது. நல்ல சட்டமே. ஆயினும் மாத வாடகைக்காரரைப் பதினைந்து நாள் அறிவிப்பில் வெளியேற்ற 106-ஆம் பிரிவு இடமளித்ததால், எழுத்தில் ஏதுமில்லாத சிறு வணிகருக்கு அதனால் விளைந்த பயன் சொற்பமே.

அவருக்கு உண்மையான காப்பு 1946-ஆம் ஆண்டுச் சென்னை மாகாண வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வந்தது; 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்ற காரணங்களை மெய்ப்பித்தாலன்றி வெளியேற்ற முடியாது. புதிதாக வாங்கியவர் சொந்தத் தேவை எனக் கூறி மனுச் செய்ய, பத்திரம் பதிவான நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். மூன்று மாதம் பெரிய அவகாசமன்று. ஆனால் பதினைந்து நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

இனி நம்மைத் தொடும் செய்திக்கு வருவோம். 1976-இல் தமிழக அரசு, இந்து, கிறிஸ்தவ, இசுலாமியப் பொது அறநிலையங்களின் கட்டடங்கள் அனைத்திற்கும் இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுமென்றது. பிறர் மனையில் வீடு கட்டிக் குடியிருப்போர் அம்மனையை நீதிமன்ற வழியாக விலைக்குப் பெற உதவிய 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டமும், 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சமய நிலையங்களின் மனைகளுக்குப் பொருந்தாது போயிற்று. 2005-இல் இத்திருத்தமும் நிலைநிறுத்தப்பட்டது. ஸ்ரீரங்கத்தில் அடிமனைச் சிக்கல் என்று மக்கள் சொல்லும் வழக்கின் துயரை அங்கு வாழ்வோரிடம் கேட்டறியலாம். மனை தனது என்கிறது கோயில். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை விற்கவும் பதியவும் முடியாமல் தவிக்கின்றனர் குடும்பத்தார்.

லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்திலும் நகர வீடுகளுக்கு ஒரு விதியும், குருகுலத்தாரான லேவியரின் வீடுகளுக்கு வேறொரு விதியும் உள்ளன. நமக்கான சலுகை அத்துணைப் பழையது! எனினும், அங்கே அது குலத்தாரின் இருப்பிடத்தைக் காத்தது. இங்கோ வாடகைக் கடைகளையும் தழுவி நிற்கிறது.

1960-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. அது செய்யப்படாமையே வெளியேற்றக் காரணமாகலாம். வாய்ச்சொல்லை நம்பி முப்பதாண்டு கடை நடத்தியவர், கட்டடம் கைமாறியதும் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

நம் பங்குகளின் கடைகளில் சொத்து கைமாறுவதில்லை, பங்குத்தந்தையே மாறுகிறார். கடைக்காரர் கண்ணுக்கு அதுவும் புதிய உரிமையாளரே. ஒப்பந்தங்களில் நாட்டுச் சட்டத்தையே பின்பற்றுமாறு திருச்சபைச் சட்டம் 1290 நம்மைப் பணிக்கிறது. பொறுப்பைக் கையளிக்கும் நாளில் ஆலய நகைகளை எண்ணிக் கையொப்பமிடுகிறோம். கடைக்காரர் தந்த முன்பணமும் அவருக்களித்த வாக்கும் அதே ஏட்டில் ஏறுகின்றனவா?