ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பெயர்ப் பட்டியலும்

புனேயின் கோந்த்வாவில், பிரெஞ்சுப் பாணி உணவகம் ஒன்றில் சென்ற வாரம் முதன்முறையாக மதிய உணவு உண்டேன். வெங்காய சூப்பையும் நீண்ட ரொட்டியையும் படமெடுத்து நானே இங்குப் பதிவிட்டேன். பதிவிட்ட பிறகுதான், அதே நகரின் பஞ்ச் ஹௌத் மிஷனில் நடந்த தேநீர் விருந்து நினைவுக்கு வந்தது.

1890 அக்டோபரில் அந்தக் கிறித்தவ மிஷன் நடத்திய கூட்டத்திற்கு ரானடே, திலகர் முதலிய பிராமணப் பிரமுகர்கள் சென்றிருந்தனர். இறுதியில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. சிலர் பருகினர், சிலர் கோப்பையை வாங்கி அப்படியே வைத்துவிட்டனர். வந்திருந்தோரின் பெயர்களைக் கோபால்ராவ் ஜோஷி (மருத்துவர் ஆனந்திபாயின் கணவர்) பத்திரிகையில் வெளியிட்ட பின்னரே அது குற்றமாயிற்று. பருகியவர், பருகாதவர் என்ற வேறுபாடு பட்டியலுக்குத் தெரியாது. விவகாரம் சங்கராச்சாரியார் அமைத்த விசாரணைக் குழுவரை சென்றது.

காசியில் தாம் பிராயச்சித்தம் செய்துகொண்டுவிட்டதாகத் திலகர் வாதிட்டார். ரானடே 1892இல் செய்துகொண்டார். சீர்திருத்தவாதிகள் பலர் அதிருப்தியுற்றனர். கோழைத்தனம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. சாதி விலக்கின் சுமை, தேநீர் பருகியவரைக் காட்டிலும் அவர் வீட்டுப் பெண்கள்மீதே விழுந்தது. புரோகிதர் வரமாட்டார், மகளுக்கு வரன் அமையாது, பிறந்த வீட்டு உறவும் அறுந்துபோகும். நண்பர்களின் இக்கட்டைத் தீர்க்கவே ரானடே இணங்கினார் என்பதை அவர் மனைவி ரமாபாயின் நினைவுக் குறிப்புகள் காட்டுகின்றன.