நூர் இனாயத் கான்: நஸபும் அமலும்

கருமத்தம்பட்டி அடங்கிய கோவைப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அவ்வாண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் ஷஹீதான திப்பு சுல்தானை (ரஹ்) நாம் மறப்பதில்லை. ஆனால் அவருடைய கொடிவழியில் வந்த ஒரு பெண்மணி, ஹிட்லரின் படைகளை எதிர்த்துப் பிரான்சில் போராடி உயிர்நீத்த வரலாற்றை நம்மில் பலர் அறியார்.

நூர் இனாயத் கான் 1914 ஜனவரி 1இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை, வடோதராவைச் சேர்ந்த இசைவாணரும் சூஃபியுமான ஹஸ்ரத் இனாயத் கான். அவருடைய தாய்வழியிலேயே திப்புவின் உறவு வருகிறது. தாய் அமெரிக்கர். பாரிஸை அடுத்த சுரேன் நகரில் 'ஃபஸல் மன்ஸில்' என்ற இல்லத்தில் நூர் வளர்ந்தார். குழந்தை உளவியலும் இசையும் கற்றார். 1939இல் ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக எழுதி வெளியிட்டார்.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் குடும்பம் இங்கிலாந்து சென்றது. அன்பையும் சாந்தியையும் போதித்த வீட்டில் வளர்ந்தவர், அநீதியின் முன் ஒதுங்கியிருக்க மனமின்றி விமானப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். இந்திய விடுதலையை அவர் ஆதரித்தார் என்பதும் இங்கே கவனத்திற்குரியது. நாஜிகளை எதிர்ப்பது ஆங்கில ஆதிக்கத்தை ஏற்பதாகாது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

1943 ஜூனில் இரகசிய விமானத்தில் பிரான்சில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து அங்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலித் தந்தியாளர் அவரே. சில நாள்களிலேயே அவருடைய குழுவினர் பலர் பிடிபட்டனர். திரும்பிவிடுமாறு இலண்டன் அழைத்தும் மறுத்து, இடம் மாறி மாறிச் செய்திகளை அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். அவரிடம் கைப்பற்றிய குறிப்பேடுகளைப் பகைவர் பயன்படுத்திக்கொண்டனர். ஆயினும் விசாரணையில் அவர் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தப்பிக்க முயன்றும் பிடிபட்டு, ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் பல மாதங்கள் விலங்கிடப்பட்டிருந்தார். 1944 செப்டம்பர் 13இல் டாக்கௌ முகாமில் வேறு மூன்று பெண்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது முப்பது. 1949இல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கியது.

அவர் வளர்ந்த சுரேனில்தான் மோன் வலேரியன் குன்று உள்ளது. அங்கே 1944 பிப்ரவரி 21இல், ஆர்மீனியரான மிஸ்ஸாக் மனூஷியானும் அவருடைய தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள், யூதர் பலர். 'குற்றவாளிப் படை' என்று நாஜிகள் சுவரொட்டி ஒட்டி அவர்களை இழிவுபடுத்தினர். அந்த இழிபெயரையே தலைப்பாக்கி 2009இல் ஒரு பிரெஞ்சுத் திரைப்படம் வெளிவந்தது. 2024இல் மனூஷியானின் உடல் பிரான்சின் தேசியப் பெரியோர் நினைவகமான பாந்தியோனில் அடக்கப்பட்டது. அந்நியர் என்று அரசு ஒதுக்கியவர்களே அந்நாட்டின் மானத்தைக் காத்தனர்.

நூரைத் 'திப்புவின் பேத்தி' என்று பெருமை பேசுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நஸபு அவருக்குப் பிறப்பால் வாய்த்தது; திரும்பிச் செல்ல வழியிருந்தும் நின்றது அவர் தேர்ந்த அமல். அமல் பின்தள்ளியவனை நஸபு முன்னேற்றாது என்பது நபிமொழி தரும் பாடம். பிறந்த மண்ணும் மொழியும் வேறான மக்களுக்காக நின்று உயிர் கொடுத்த அவரது வரலாற்றை நம் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கோணத்திலேயே சொல்லித்தர வேண்டும்.