வண்ணமும் வரலாறும்

கல்வெட்டும் செப்பேடும் வரலாறு கூறுவது போன்றே, சிறுவர் ஆடிய பொம்மையும் ஒரு காலத்தின் எண்ணத்தைக் கூறும். ஈயத்தால் வார்த்த சின்னஞ்சிறு படைவீரர் உருவங்கள் இதற்குத் தக்க சான்று. இத்தகைய பழைய உருவம் ஒன்று கைக்கு வருங்கால், மங்கி உதிர்ந்த வண்ணத்தை நீக்கிப் புதிது தீட்டலாமா, உள்ளவாறே காக்கலாமா என்னும் வினா எழுகின்றது. விடை காண, அவ்வுருவங்கள் பிறந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

1893-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் வில்லியம் பிரிட்டன் என்பார் உட்கூடாக வார்க்கும் முறையைக் கையாண்டார். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவிலுள்ளதை வெளியே வடித்துவிடுவர். உலோகம் குறைந்தது, விலையும் தாழ்ந்தது. செருமானியப் பொம்மைகள் கோலோச்சிய சந்தையில் ஆங்கிலப் பொம்மைகள் இடம்பெற்றன.

வார்த்த உருவங்களுக்குப் பெண் தொழிலாளர் கையால் வண்ணமிட்டனர். ஒரே அச்சில் பிறந்த வீரர்கள், சட்டையின் நிறத்தாலும் பட்டையின் கோட்டாலும் வெவ்வேறு படைப்பிரிவினர் ஆயினர். எனவே வண்ணத்தைக் களைந்தால் எஞ்சுவது படைப்பிரிவின் பெயரிழந்த வெறும் ஈயமே.

சென்னைக் காலாட்படை வீரரும் இப்பொம்மைகளுள் இடம்பெற்றனர். தென்னாட்டார் போருக்கு ஏலார் என்னும் கருத்தை இராபர்ட்சு முதலிய ஆங்கிலத் தளபதியர் பரப்பிய காலம் அது. அக்கருத்தின் விளைவாகத் தமிழரும் தெலுங்கரும் பணியாற்றிய படைப்பிரிவுகள் பல கலைக்கப்பட்டன. சிலவற்றில் பிற இனத்தவர் சேர்க்கப்பட்டனர். களத்தில் இடமிழந்து வந்த வீரன், இலண்டன் சிறுவனின் பெட்டியில் நின்றான். அவன் முகத்துக்கு இட்ட பழுப்பும் உடைக்கு இட்ட நிறமும், ஆள்வோர் அவனை எவ்வாறு கண்டனர் என்பதற்குச் சான்றாகும். அழித்தபின் அச்சான்றை எவரும் மீட்டல் இயலாது.

ஆயினும், எவ்வண்ணத்தையும் தொடலாகாது என்பதன்று. பிற்காலத்தார் பூசிய தடித்த பூச்சின்கீழ் முதல் வண்ணம் மறைந்திருப்பின், மேற்பூச்சை நீக்குதல் பொருந்தும். அப்போதும் மறைவான ஓரிடத்தில் சிறிதே சோதித்து, உருப்பெருக்கியால் நோக்கல் வேண்டும். மேற்பூச்சைக் கரைக்கும் நீர்மம் அடிவண்ணத்தையும் கரைத்துவிடலாம். பழைய வண்ணத்திலும் ஈயம் கலந்திருத்தலால், சுரண்டுவோர்க்கு அதன் தூள் நஞ்சாகும். உருவத்தில் வெண்சாம்பல் நிறப் பொடி பூத்தால், குற்றம் வண்ணத்தின்மேல் இல்லை; ஓக்கு முதலிய மரப்பேழைகளினின்று எழும் அமில ஆவி ஈயத்தை அரிக்கின்றது. அதற்கு மருந்து, பேழையை மாற்றுதலே.

சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் அறிஞர், மூலச் சொல்லைச் சுரண்டிவிட்டுத் தம் சொல்லை எழுதுவதில்லை. மூலத்தைக் காத்துத் தம் கருத்தை அடிக்குறிப்பில் தருவர். பொம்மைக்கும் அதுவே நெறி. புதுப்பொலிவை விரும்புவோர் புதிய வார்ப்பு ஒன்றை வாங்கித் தீட்டுக. பழையது தன் பழைய வண்ணத்தோடே நிற்க.