கலஹா மலைச்சாரலில் வரலாற்றுச் சான்றுகள்

வரலாற்றுக்குச் சான்றாவன கல்வெட்டும் செப்பேடும் மட்டுமல்ல. மக்கள் நாள்தோறும் கண்டும் கருதாது கடந்துசெல்லும் சுவரும் வாய்க்காலும் மரமும் சான்றாதல் உண்டு. அத்தகைய சான்றுகள் மலிந்த ஊர்களுள் ஒன்று கண்டி மாவட்டத்துக் கலஹா.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடே செல்லும் தெருவின் பெயர் கலஹா வீதி. 1952ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது முதல் எத்தனையோ மாணவர் அவ்வீதியில் நடந்துள்ளனர். அவ்வீதி ஹந்தானை மலைச்சாரல் வழியே ஏறித் தேயிலைத் தோட்டங்களின் நடுவே கலஹாவை அடைகின்றது.

கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் அப்பால், ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ளது லூல்கந்துரைத் தோட்டம். ஸ்கொத்லாந்திற் பிறந்து 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெயிலர் என்பார், 1867இல் இங்கு 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். ஈழத்தில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் தேயிலைப் பயிர் இதுவேயாம். 1869 முதல் இலைநோய் பரவிக் கோப்பிச் செய்கையை அழிக்கவே, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது.

தொடக்கத்தில் டெயிலருக்குத் தொழிற்சாலை இல்லை. அவரது பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்து மேசைமீது இடப்பட்டுக் கையாலும் முழங்கையாலும் உருட்டப்பட்டது. களிமண் அடுப்புகளிற் கரித்தணலில் உலர்த்தப்பட்டது. தோட்டத்தில் உழைத்தோர் தமிழகத்திலிருந்து வந்தோர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, வழியிற் பசிக்கும் நோய்க்கும் பலரைப் பலிகொடுத்து மலையேறியவர் அம்மக்கள்.

இங்கு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. பேராதனைக்கு மேற்கே கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது. அதனைச் சமைத்த தென்னிந்தியச் சிற்பி கணேசுவராசாரியின் பெயரைக் கல்வெட்டு இன்றும் காத்து நிற்கின்றது. 1892இல் மறைந்த டெயிலரின் பெயரைக் கண்டி மகியாவை மயானத்துக் கல்லறை காத்து நிற்கின்றது. அந்த 19 ஏக்கரையும் கொத்தி நட்டோர்க்கோ கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

ஆயினும் அவர்தம் சான்று அழிந்துவிடவில்லை. மலைச்சரிவைக் குறுக்கே வெட்டி மழைநீரை வடித்து மண்ணைக் காக்கும் கான்களும், கல்லடுக்கிய அணைகளும் அவர்கள் கைவண்ணமே. தேயிலை இயல்பிலே மரமாக ஓங்கும் தன்மையது. அஃது இடுப்பளவுச் செடியாய் நிற்பது தலைமுறை தலைமுறையாக நடந்த கவ்வாத்தினால் ஆகும். எனவே மலைநாட்டின் பச்சை வெறும் இயற்கையன்று; உழைப்பின் வடிவம்.

கட்டடங்களும் அவ்வாறே பேசுகின்றன. பார்வை எட்டும் மேட்டில் பங்களா. காற்றோட்டத்துக்கென நெடுஞ்சன்னல்கள் நிரைத்த மாடித் தொழிற்சாலை. ஒடுங்கிய இடத்தில் லயம். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவே ஒரு குடும்பத்தின் இல்லம். இரட்டை லயத்திற் பின்சுவர் இரு காம்பராக்களுக்கும் பொதுவாதலால், பின்புறம் சன்னலுக்கு இடமில்லை. மனிதரைக் குடும்பமாகக் கருதாது ஆட்கணக்காகக் கருதிய முறைமைக்கு இதனினும் தெளிவான ஆவணம் வேண்டுவதில்லை. மாரியம்மன் கோயிலும், மரத்தடி முனியாண்டியும், கவ்வாத்துச் சாமியும் அம்மக்கள் தமக்கெனப் படைத்துக்கொண்ட உலகைக் காட்டுவன.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இச்சமூகத்தாருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003இலேயே சட்டம் வழி செய்தது. தந்தையும் பாட்டனும் இம்மண்ணில் வாழ்ந்தமையை ஏட்டினால் மெய்ப்பிக்குமாறு கேட்கப்பட்டோர், அதனை மலை முழுவதும் கானாக எழுதிவைத்திருந்தனர். அவ்வெழுத்தைப் படிக்கும் கண் அன்று சட்டத்துக்கு வாய்க்கவில்லை.

லயங்கள் இடிந்து புதுமனைகள் எழுதல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் இடியுமுன் அவற்றை அளந்து வரைந்து, முதியோர் நினைவிலுள்ள பெயர்களைக் கேட்டெழுதி வைத்தல் வரலாறு பயிலும் மாணவர் கடனாகும். 1344இற் சிற்பியின் பெயரைப் பொறித்த நாடு, தன் மலைகளைச் செதுக்கியோரின் பெயரையும் பொறித்தற்குரியது.