ஹை ரோவில் ஒரு கல் வங்கி

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டார்லிங்டன் நகரத்துக் கடைவீதியின் பெயர் ஹை ரோ. அங்கே 1864-இல் மணற்கல்லில் எழுந்த வங்கியைப் புதிதாகப் பார்ப்பவர், கூர்வளைவுகளைக் கண்டு ஒரு கணம் மாதா கோயிலோ என்று தயங்கக்கூடும். அத்தனை கோதிக். வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ். பிற்பாடு மான்செஸ்டர் நகர மண்டபத்தையும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் படைத்தவர்.

கட்டச் சொன்ன பேக்ஹவுஸ் குடும்பத்தாரோ குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கோபுரமும் மணியும் வண்ணக் கண்ணாடியும் இல்லாத வெறுங்கூடத்தில் மௌனமாக அமர்ந்து வழிபட்டவர்கள். அவர்களுக்கு எதற்கு இந்தக் கோலம்?

லினன் நெசவுத் தொழிலில் இருந்த குடும்பம் 1774-இல் வங்கி தொடங்கியது. அக்காலத் தனியார் வங்கி தன் பெயரிலேயே நோட்டு அச்சிட்டது. நம்பிக்கை ஆடினால் எல்லாரும் ஒரே நாளில் நோட்டுக்குத் தங்கம் கேட்டு வந்து வாசலில் நிற்பார்கள். குடும்பச் சொத்து முழுவதும் பொறுப்பு. 1819-இல் இந்தக் குடும்பம் ஆதரித்த ரயில் திட்டத்தின் மேல் கோபம் கொண்ட டார்லிங்டன் பிரபு, இந்த வங்கியின் நோட்டுகளைச் சேர்த்து ஒரே மூச்சில் நீட்டத் திட்டமிட்டாராம். ஜோனதன் பேக்ஹவுஸ் லண்டனுக்கு ஓடித் தங்கத்தோடு திரும்பும் வழியில் வண்டிச் சக்கரம் ஒன்று கழன்றது. தங்கத்தைப் பின்பக்கம் நகர்த்திச் சமன் செய்து, மூன்று சக்கரத்திலேயே ஊர் வந்து சேர்ந்தார் என்பது ஊர்க்கதை. அந்தத் திட்டத்தின்படி 1825-இல் ஓடத் தொடங்கிய ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதைக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்தக் குடும்பமும் உண்டு.

பிறகு காலம் மாறியது. 1826-இன் சட்டம் பங்குதாரர் வங்கிகளுக்கு வழி திறந்து போட்டியை வளர்த்தது. 1857-இல் அருகிலுள்ள நியூகாசிலில் பெரிய வங்கி ஒன்றே கதவடைத்தது. குடும்பப் பெயர் மட்டும் இனிப் போதாது. தெருவில் நின்று பார்ப்பவனுக்கும் வங்கியின் உறுதி தெரிய வேண்டும். 1860 வாக்கில் குவேக்கர் சபையும் எளிய உடை, பேச்சு பற்றிய கட்டாயத்தைத் தளர்த்தியிருந்தது. வாட்டர்ஹவுஸும் குவேக்கர் வீட்டுப் பிள்ளை, வேற்றாள் அல்ல. இந்தக் கல் முகப்பைக் கொள்கையைக் கைவிட்டதாகப் படிப்பது அநியாயம். கடனுக்கும் வைப்புக்கும் பொறுப்பேற்றவர்கள் அந்தப் பொறுப்பை ஊரறியக் கல்லில் எழுதினார்கள்.

அதே சமயத்தில் மணிக்கூண்டோடு கூடிய ஊர்ச் சந்தையையும் வாட்டர்ஹவுஸே கட்டினார். 1866-இல் லண்டனில் குவேக்கர் வேர் கொண்ட ஓவரெண்ட் கர்னி என்ற நிதி நிறுவனம் சரிந்து நாட்டையே உலுக்கியபோதும் பேக்ஹவுஸ் வங்கி நிலைத்தது. 1896-இல் இருபது தனியார் வங்கிகள் சேர்ந்து பார்க்ளேஸ் உருவானபோது, அதில் முக்கியக் கூட்டாளியாகச் சேர்ந்தது.