கால்பந்து மைதானத்தில் ஆன்ம குருக்கள்



மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், சௌத்தாம்ப்டன். இந்தப் பெயர்கள் நம் இளைஞர்களுக்கு மனப்பாடம். இவை ஆலய வளாகத்தில் பிறந்த அணிகள் என்பது பலருக்குத் தெரியாது. எவர்டன் 1878-இல் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் தொடங்கியது. மான்செஸ்டர் சிட்டி 1880-இல் புனித மாற்கு ஆங்கிலிக்கன் ஆலயத்தில். சௌத்தாம்ப்டன் அணி 1885-இல் புனித மரியா ஆலய இளைஞர்களால் உருவானது. அவர்களுக்கு இன்றும் ‘புனிதர்கள்’ என்றே செல்லப்பெயர். ஆட்டத்தின் நடுவே அவர்கள் பேசும் பேச்சைக் கேட்டால் திருச்சபை அந்தப் பட்டத்தை அங்கீகரிக்குமா என்பது வேறு விஷயம்!

நம் கத்தோலிக்க வரலாற்றிலும் இப்படி ஓர் அணி உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1887, நவம்பர் 6 அன்று, புனித மரியா ஆலயத்தின் பங்கு மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் பிறந்த செல்டிக் அணி. அதற்குக் காரணமாக இருந்தவர் மாரிஸ்ட் சபைத் துறவியான அருள்சகோதரர் வால்ஃபிரிட். 1840-இல் அயர்லாந்தில் பிறந்தவர். அவருடைய சிறுவயதில்தான் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அந்த நாட்டைப் பஞ்சம் வாட்டியது. பட்டினி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் அவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தன. வயிறு காய்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆகவே மிகக் குறைந்த காசுக்குச் சூடான உணவு தரும் ஏற்பாட்டைப் பங்குகளில் தொடங்கினார்கள். ஆனால் அதற்குப் பணம் வேண்டுமே! எடின்பரோவில் குருவானவர் ஒருவரின் முயற்சியால் 1875-இல் உருவான ஹைபர்னியன் அணி, 1887-இல் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றது. அதைப் பார்த்த சகோதரர் வால்ஃபிரிட், நாமும் ஓர் அணி வைத்து நுழைவுக் கட்டணத்தால் பிள்ளைகளுக்குச் சோறு போடலாமே என்று எண்ணினார். பங்கு மக்கள் தாங்களே உழைத்து மைதானம் அமைத்தார்கள். 1888, மே 28 அன்று முதல் ஆட்டம். ரேஞ்சர்ஸ் அணியை 5-2 என்று வென்றார்கள்.

பிறகு நடந்ததையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1892-இல் சபைத் தலைமை சகோதரர் வால்ஃபிரிட்டை இலண்டனுக்கு மாற்றியது. பெரும் பணம் உள்ளே வந்தது. ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கான நன்கொடை தேய்ந்தது. 1897-இல் அணி ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவானது. பங்குத்தந்தையின் பங்கு போய், பங்குதாரரின் பங்கு வந்தது. மற்ற அணிகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் ஆலயத்தை விட்டு வெளியேறின. சகோதரர் வால்ஃபிரிட் 1915-இல் இறந்தார். அவருக்குச் செல்டிக் மைதானத்தின் முன் சிலை எழுந்தது 2005-இல்.

இப்படி வாசலுக்கு வெளியே நின்றுவிட்ட திருச்சபை மீண்டும் எப்படி உள்ளே வந்தது? உரிமையாளராக அல்ல, விருந்தாளியாக. 1977-இல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு அணி நான்காம் பிரிவில் கிடந்தது. அந்த ஆண்டுதான் கிரஹாம் டெய்லர் மேலாளராக வந்தார். ஊரும் அணியும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். அதே ஆண்டில் ஜான் பாய்யர்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் அந்த அணியின் ஆன்ம குருவானார். 1991-இல் இத்தகைய குருக்களுக்கு உதவ ஓர் அமைப்பையும் தொடங்கினார். பிற சபைச் சகோதரர் ஒருவரிடமிருந்து நாம் கற்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாராளமாகக் கற்கலாம்.

இந்தப் பணியில் ‘எங்கள் அணி வெல்ல வேண்டும்’ என்று மந்திரம் போல் செபிக்கும் வேலை இல்லை. எதிரணிக்கும் ஒரு குரு இருப்பாரே! பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், வாரத்தில் ஏதோ ஒரு நாள் பயிற்சிக் கூடத்துக்குப் போவார். துணி துவைப்பவர், புல் பராமரிப்பவர், சமையலறைப் பெண்கள், காயம்பட்டு மாதக்கணக்கில் ஆடமுடியாத வீரர் என எல்லாரையும் விசாரிப்பார். ஒன்பது வயதிலிருந்து கனவு கண்டு, பதினாறு வயதில் ‘நீ தேவையில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் சிறுவர்கள்தாம் அவருடைய முக்கியமான மந்தை. கேட்டதை வெளியே சொல்ல மாட்டார். அக்கறை காட்டுவதில் அவர் முந்திக்கொள்வார். விசுவாசத்தைப் பற்றி, கேட்டால்தான் பேசுவார். எம்மாவு வழியில் நம் ஆண்டவரும் முதலில் கூடவே நடந்தார், என்ன பேசுகிறீர்கள் என்று விசாரித்தார். மறைநூலை விளக்கியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஒரு நகரமே அழும்போது இந்தப் பணி ஒரு குருவோடு நின்றுவிட முடியாது. 1989, ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் வேலிக்குள் நெரிபட்டு மடிந்தார்கள். மறுநாள் ஞாயிறு, பேராயர் டெரிக் வொர்லாக் லிவர்பூல் பேராலயத்தில் இறந்தோர் திருப்பலி நிறைவேற்றினார். ஆலயம் கொள்ளாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். அவரும் ஆங்கிலிக்கன் ஆயர் டேவிட் ஷெப்பர்டும் பல ஆண்டுகளாக இணைந்து உழைத்தவர்கள். ஷெப்பர்டு இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட் ஆடிய வீரரும்கூட.

ஆறுதல் சொன்னதோடு திருச்சபையின் வேலை முடிந்துவிட்டதா? பழியைக் காவல்துறை இரசிகர்கள்மேல் போட்டது. அவர்கள் குடித்திருந்தார்கள் என்று செய்தித்தாளும் எழுதியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பிள்ளையின் நற்பெயரையும் பறிகொடுத்தாள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று அந்தக் குடும்பங்கள் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் கூடிச் செபித்தன, நீதியும் கேட்டன. கடைசியில் உண்மையைத் தேடும் குழுவுக்கு லிவர்பூலின் ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைவரானார். ஏறக்குறைய நான்கரை இலட்சம் பக்க ஆவணங்களை அக்குழு ஆராய்ந்தது. காவலர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. 2012, செப்டம்பர் 12 அன்று அந்த அறிக்கை முதலில் குடும்பத்தாரிடம் தரப்பட்டது, லிவர்பூலின் ஆங்கிலிக்கன் பேராலயத்தில். சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், இரசிகர்கள்மேல் தவறில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 ஆனது.

அன்று படுகாயமடைந்து, 32 ஆண்டுகள் நோயோடு வாழ்ந்த ஒருவர் 2021-இல் இறந்தார். அவரையும் சேர்த்து இறந்தோர் 97 பேர்.