முதலில் கைவைத்தது கண்ணாடியில்

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பிறந்த கதையைச் சொல்பவர்கள் பிரசவம், காசநோய், அறுவை சிகிச்சை என்றுதான் தொடங்குவார்கள். கிழக்கு லண்டனில் கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்தியே தலை நரைத்தவள் நான். எனக்கு அந்தக் கதை மூக்குக்கண்ணாடியில்தான் தொடங்குகிறது. 1948 ஜூலை 5ஆம் தேதி சேவை நடைமுறைக்கு வந்ததும் அரசாங்கமே எதிர்பாராத அளவுக்குக் கூட்டம் அலைமோதியது கண் பரிசோதனைக்கும் பல்செட்டுக்கும். முதல் ஓராண்டுக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பட்டறைகளில் லென்ஸ் தேய்த்து மாளவில்லை. அளவு கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

ஓசி என்றதும் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள் என்று அன்றே பேச்சு கிளம்பியது. இன்றைக்கும் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. நான் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கண்ணாடியை யாரும் ஆசைக்கு வாங்கி அடுக்கி வைப்பதில்லை. அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் நாற்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1911இல் அன்றைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசிய காப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலை செய்யும் ஆண் வாரம் 4 பென்ஸ் கட்டினார். முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் போட்டன. நாலு கொடுத்தால் ஒன்பது என்பதுதான் பிரசாரம். டாக்டரும் மருந்தும் கிடைத்தன, நோயில் படுத்தால் வாரப்படி கிடைத்தது. கண்ணாடி அந்த உரிமைகளில் சேரவில்லை. பணத்தை நிர்வகித்த சங்கங்களின் கணக்கில் உபரி மிஞ்சினால் மட்டும் ‘கூடுதல் பலன்’ என்ற பெயரில் கண்ணுக்கும் பல்லுக்கும் ஏதாவது தரலாம். உபரி யாரிடம் மிஞ்சும்? அதிகம் நோயில் விழாத குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் சேர்ந்திருந்த சங்கங்களில் மிஞ்சும். அடிக்கடி படுக்கையில் விழும் சுரங்கத் தொழிலாளிகளின் சங்கத்தில் மிஞ்சுவது அபூர்வம். தேவை எங்கே அதிகமோ அங்கே பலன் குறைவு. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சம்பளத்துக்குப் போகாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் காப்பீட்டில் இடமே இல்லை. ராத்திரி விளக்கொளியில் கிழிசல் தைத்த தாய்க்கு வெள்ளெழுத்து வந்தால் அது அவள் பாடு.

அவள் போன இடம் உல்வொர்த்ஸ். 1909இல் லிவர்பூலில் முதல் கடை திறந்த அந்த நிறுவனம், ஆறு பென்ஸுக்கு மேல் எதுவும் இல்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. சட்டிபானை, ரிப்பன், மிட்டாய் எல்லாம் விற்ற கடையில் படிக்கும் கண்ணாடியும் கிடைத்தது. எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எது தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வெறும் வெள்ளெழுத்துக்கு அது ஓரளவு உதவும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். நிறைய பேருக்கு இரு கண்ணும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாமல் சிலிண்டர் பவர் தேவைப்படுகிறவருக்கு எழுத்து பெரிதாகுமே தவிர அதன் கலங்கல் தீராது. கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். லென்ஸின் நடுப்புள்ளி அதற்கு நேராக அமையாவிட்டால், பவர் கூடக் கூட, அரைமணி படித்தாலே தலைவலி பிடித்துக்கொள்ளும். பலர் இந்தத் தலைவலியோடே ஆயுளைக் கழித்தார்கள். செத்துப்போன அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளிய வீடுகளும் உண்டு.

இப்படித் தள்ளிப்போட்டவர்கள் அத்தனை பேரும்தான் 1948இல் வந்து நின்றார்கள். அது பேராசை இல்லை, பழைய பாக்கி.

ஏற்பாடு எளிமையானது. முதல்முறை வருபவர் குடும்ப டாக்டரிடம் சீட்டு வாங்கிவர வேண்டும், அவ்வளவே. பிறகு பட்டியலில் உள்ள எந்தக் கண்ணாடிக்காரரிடமும் போகலாம். பரிசோதனை இலவசம், லென்ஸ் இலவசம், அரசாங்கப் பட்டியலில் உள்ள பிரேம் இலவசம். சொகுசான பிரேம் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் கைக்காசு. நான் 1980களின் நடுவில் இந்த வேலைக்கு வந்தபோது அந்தப் பட்டியல் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. சுவரில் விளக்குப் போட்டு மாட்டியவை காசுக்கு விற்கும் பிரேம்கள். அரசாங்க பிரேம்கள் மேஜைக்கு அடியில் இழுப்பறையில் கிடந்தன. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். அந்த இழுப்பறையைத் திறக்கும்போது வாடிக்கையாளர்களின் முகம் சுண்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பல ஆண்டு கழித்து ஒரு முதியவர், பள்ளிக்கூட நாளில் தான் போட்ட பிரேமை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தோல் நிறம் என்று சொல்லப்பட்ட, எந்தத் தோலிலும் இல்லாத இளஞ்சிவப்பு பிளாஸ்டிக். காதுக்குப் பின்னால் போகும் பகுதி சுருள் கம்பி. நீட்டிவிட்டால் சுருண்டு காதைக் கவ்விக்கொள்ளும். ஓடினாலும் குதித்தாலும் விழாது என்பதற்காகச் செய்தது, ஆனால் காதுமடலைப் புண்ணாக்கிவிடும். இடது லென்ஸில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பிசுக்கு அப்படியே காய்ந்து கிடந்தது. சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுப்பதற்காக நல்ல கண்ணை மறைக்கும் வைத்தியம் அது. பையன்கள் கேலி செய்து அழவிட்டார்களாம். ஆனாலும் கரும்பலகை தெரிந்தது, அச்சகத்தில் வேலை கிடைத்தது என்று அவர் சொன்னார். அந்தக் கண்ணாடிக்கு அவருடைய அம்மா ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை.

இந்த இலவசக் கண்ணாடிச் செலவில்தான் அரசாங்கம் முதலில் கைவைத்தது. 1950இல் கொரியப் போர் வந்தது. மூன்றாண்டில் 470 கோடி பவுண்ட் ராணுவத்துக்கு என்று திட்டம் போட்டார்கள். 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலையை மக்களே தர வேண்டும் என்று பட்ஜெட்டில் அறிவித்தார். அந்த ஆண்டு அதில் மிச்சமாகும் என்று அவர் கணக்கிட்டது 1.3 கோடி பவுண்ட். சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் பதவியை உதறினார். அவரோடு சக அமைச்சர்கள் ஹரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் வெளியேறினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. 470 கோடிக்குப் பக்கத்தில் 1.3 கோடியை வைத்துப் பாருங்கள். ஒருமுறை சரியான கண்ணாடி வாங்கியவர் மறுமாதமே வந்து நிற்க மாட்டார், பழைய பாக்கி தீர்ந்ததும் கூட்டம் தானாக வடிந்திருக்கும். அந்தப் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. பரிசோதனையையும் பிள்ளைகளின் சாதாரணக் கண்ணாடியையும் இலவசமாக விட்டுவைத்தார்கள், அந்த மட்டுக்கும் நல்லது.

கட்டணம் வந்ததும் பழைய சந்தா நிறுவனங்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1922இல் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிடல் சேவிங் அசோசியேஷன் போன்றவை, ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தொழிலாளிகளிடம் வாராவாரம் பென்ஸ் கணக்கில் வசூலித்தவை. ஆஸ்பத்திரியே இலவசமானபின் அவற்றுக்கு என்ன வேலை என்றார்கள். கண்ணாடி, பல் செலவுக்கு ரசீது காட்டினால் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது என்று அவை பிழைத்துக்கொண்டன. இங்கே கண் காப்பீடு என்பது பெரும்பாலும் இதுதான். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் நம் தமிழ் ஆட்கள் சேரலாமா என்று கேட்டு வரும்போது நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். மாதம் 10 பவுண்ட் கட்டினால் ஆண்டுக்கு 120 என்று வையுங்கள். கண்ணுக்குத் திரும்பி வரும் உச்சவரம்பு 80 என்றால், பல்லுக்கும் வேறு வைத்தியத்துக்கும் அதைப் பயன்படுத்தாதவருக்கு நஷ்டம். இரண்டாண்டுக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றுகிறவர் அந்தப் பணத்தைத் தானே எடுத்து வைக்கலாம்.

1984இல் வந்த சட்டம் பதிவுபெற்ற கண்ணாடிக்காரர்களின் ஏகபோகத்தை உடைத்தது. ஸ்பெக்சேவர்ஸ் என்ற கண்ணாடிக் கடைத் தொடர் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1986 ஜூலையில் அரசாங்க பிரேம் ஒழிந்து, பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் வவுச்சர் வந்தது. இழுப்பறை காலியானதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். உதவித்தொகையில் வாழும் வீட்டுப் பிள்ளையும் சுவரில் மாட்டியிருக்கும் பிரேமைக் கைகாட்டலாம் என்று ஆயிற்று. ஆனால் 1989 ஏப்ரலில் பெரும்பாலோருக்குப் பரிசோதனையும் காசு என்றாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பரிசோதனை என்பது பவர் பார்ப்பது மட்டுமில்லை. கண்ணழுத்த நோய் வலியில்லாமல் ஓரப்பார்வையைத் தின்றுகொண்டே வரும். நோயாளிக்குத் தெரிய வரும்போது போனது போனதுதான். அறுபது வயதானவர்களுக்கு 1999இல் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாற்பதிலிருந்து அறுபது வரை உள்ளவர்கள்தான் இன்னமும் தள்ளிப்போடுகிறார்கள்.

இதில் நம்மவர்கள் கணிசம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகளுக்குக் கண்ணாடி வாங்க வந்திருந்தார். உங்கள் கண்ணைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன்.

“பிள்ளை, எனக்குச் சீனி வருத்தம் இருக்கு. ஆனால் கண் நல்லாத் தெரியுது. பிறகேன் காசு குடுத்துப் பாக்கோணும்?”

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதாலேயே அவருக்குப் பரிசோதனை இலவசம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கண்ணழுத்த நோய் இருந்தால், நாற்பது வயதுக்கு மேல் அவர்களுக்கும் இலவசம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர் கேட்டால், பரிசோதனைச் செலவை முதலாளி தர வேண்டும் என்று 1992ஆம் ஆண்டு விதி இருக்கிறது. பரிசோதனை முடிந்ததும் பவர் சீட்டை உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டம். அதே கடையில் கண்ணாடி வாங்கும் கட்டாயம் கிடையாது. சீட்டை எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறி விலை விசாரிக்கலாம்.

ஸ்காட்லாந்து 2006 ஏப்ரலில் எல்லோருக்குமே கண் பரிசோதனையை இலவசமாக்கிவிட்டது. பணக்காரர், ஏழை, வயது என்ற கேள்வியே இல்லை. எடின்பரோவில் காசில்லாமல் பார்க்கிற கண்ணுக்கு ஈஸ்ட் ஹாமில் ஏன் காசு கேட்க வேண்டும்? எங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.